அப்பாகிட்ட சொல்லாம மறைச்ச இருபத்திரெண்டு நாள்

ஸ்கேன் ரிசல்ட் வந்த அன்னைக்கு டாக்டர் அப்பாவ வெளிய பெஞ்சுல உக்கார வச்சிட்டு என்னையும் அண்ணனையும் மட்டும் உள்ள கூப்புட்டாரு. கணையத்துல கட்டி, கல்லீரலுக்கும் பரவிட்டு, ஸ்டேஜ் 4, ஆபரேஷன் பண்ற கட்டத்த தாண்டிட்டு, இனிமே மாசக்கணக்குதான்னு சொன்னாரு. அண்ணன் கேட்ட மொத கேள்வி எவ்வளவு நாள் இருப்பாருன்னு இல்ல, "அப்பாகிட்ட சொல்லணுமா சார்?"ங்கறதுதான். "அது உங்க இஷ்டம், இங்க பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல"ன்னாரு டாக்டர். நானும் அண்ணனும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டோம், அதுலயே முடிவாயிட்டு. வெளிய வந்து "அல்சர்தாம்ப்பா, கொஞ்சம் முத்திட்டாம், மாத்திர போட்டா சரியாயிடும்"னு சொன்னது நான்தான். அப்பா "அப்படியா, சரி பாப்பா"ன்னு எழுந்திருச்சு வேட்டிய ஒதறி கட்டிக்கிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பிச்சாரு.

இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டேன். போன வாரம் கோயில்ல, சர்ச்சத்தான் நாங்க கோயில்னு சொல்வோம், ஆராதனை முடிஞ்சு வர்றப்ப எங்க சபையில ஒரு பொண்ணு கைய புடிச்சிக்கிட்டு, அவங்க அம்மாவுக்கும் இப்படித்தான் வந்திருக்கு, "அக்கா நீங்க அப்பாகிட்ட சொன்னீங்களா?"ன்னு கேட்டா. நின்ன எடத்துல பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதறேன், அவளுக்காகவும் இப்ப இதே எடத்துல நிக்கிற மத்தவங்களுக்காகவும்.

எங்க ஊரு பொறையாறு பக்கம். அப்பா பொதுப்பணித்துறையில லஸ்கரா இருந்து ரிட்டயர் ஆனவரு. டெல்டாக்காரங்களுக்கு லஸ்கர்னா யாருன்னு சொல்ல வேண்டாம், வெளியூர்க்காரங்களுக்கு சொல்றேன், மதகு ஷட்டர தொறக்கறது மூடறது, எந்த வாய்க்காலுக்கு எத்தன நாள் மொறைன்னு பாத்து தண்ணி விடறது எல்லாம் அவங்க வேலதான். வீரசோழன் ஆத்தோட கடைமடை எங்க ஊரு. மேட்டூர் தொறந்து, கல்லணை தொறந்து, எல்லா ஊரும் குடிச்சு மிச்சம்தான் எங்களுக்கு வரும். அப்பா காலையில அஞ்சு மணிக்கு எழுந்து வேதத்துல ஒரு அதிகாரம் படிச்சிட்டு ஜெபம் பண்ணிட்டு சைக்கிள எடுப்பாரு, மழையோ பனியோ அது மாறினதில்ல.

போன வருஷம் பொங்கலப்ப ஒடம்பெல்லாம் அரிப்பு வந்துச்சு. அப்புறம் கண்ணு மஞ்சளாச்சு. எல்லாரும் காமாலைன்னு சொல்லி கீழாநெல்லி அரைச்சு மோர்ல கலந்து குடுத்தோம், ரெண்டு வாரம் அப்படியே போச்சு. வயித்து வலி முதுகு வரைக்கும் ஏறினப்பதான் ஆஸ்பத்திரிக்கே போனோம். கணையத்துல கட்டி வந்தா பித்தநாளத்த அமுக்கி மஞ்சக்காமாலை வரும்னு அப்ப எங்களுக்குத் தெரியாது. முன்னாடியே போயிருந்தாலும் பெரிசா மாறியிருக்காதுன்னு பின்னாடி சொன்னாங்க, ஆனாலும் அந்த ரெண்டு வாரம் இப்பவும் என் மனசுல கெடக்கு.

சரி, மறைச்ச கதைக்கு வர்றேன். அந்த இருபத்திரெண்டு நாளும் வீட்டுல எல்லாரும் நடிச்சோம். ஃபைல பீரோவுல அண்ணி பொடவைக்கு அடியில ஒளிச்சு வச்சோம். கொல்லையில போயி அழுதுட்டு மூஞ்ச கழுவிட்டு உள்ள வருவேன். பாக்க வர்றவங்ககிட்ட வாசல்லயே "அவருக்குத் தெரியாது, பாத்து பேசுங்க"ன்னு சொல்லி அனுப்புவோம். வர்றவங்க எல்லாரும் ஜெபம் பண்ணுவாங்க, எல்லா ஜெபமும் சுகம் குடுங்க ஆண்டவரேன்னுதான் இருக்கும். எதுர் வீட்டு அக்கா வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நடந்தே போயி நோய் தீரும்னு அங்க குடுக்கற திருச்சாந்துருண்டை பிரசாதத்த வாங்கிட்டு வந்து குடுத்துச்சு. அப்பா ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு "எனக்காக இவ்ளோ தூரம் நடந்தியாம்மா"ன்னு கேட்டாரு. அந்த அன்ப நெனச்சா இன்னைக்கும் தொண்டை அடைக்குது.

ஆனா ஒரு ஊழியக்காரர் வந்தாரு. பேரு வேண்டாம். அண்ணனோட ஃப்ரெண்டு கூட்டிட்டு வந்தது. எசேக்கியா ராஜாவுக்கு ஆண்டவரு பதினஞ்சு வருஷம் கூட்டிக் குடுத்த பகுதிய வாசிச்சு, தலையில கைய வச்சு ரொம்ப நேரம் ஜெபம் பண்ணிட்டு, "சுகமாயிட்டுன்னு விசுவாசிங்க, வலி மாத்திர போடறது அவிசுவாசம், அத நிறுத்துங்க"ன்னு சொல்லிட்டு போனாரு. அப்பா ரெண்டு ராத்திரி மாத்திர போடல. ஒருக்களிச்சு முழங்கால வயித்தோட மடக்கி சுருண்டு படுத்துக்கிட்டு பல்ல கடிச்சிக்கிட்டு இருந்தாரு. அம்மா விசிறிக்கிட்டே உக்காந்திருந்தாங்க. மூணாவது நாள் நான் சண்ட போட்டுதான் மாத்திரைய வாயில போட வச்சேன். இந்த ஒரு விஷயத்துல எனக்கு இன்னமும் கோவம் ஆறல. வலிய தாங்கறதுதான் விசுவாசம்னு எந்த வசனத்துல இருக்கு? சிலுவையில தாகமாயிருக்கிறேன்னு ஆண்டவரே வாய் விட்டு சொன்னாரே.

மஞ்சள் எறங்கறதுக்கு பித்தநாளத்துல ஸ்டென்ட்னு ஒரு சின்னக் குழாய் வைக்கணும்னு தஞ்சாவூருல ரெண்டு நாள் தங்க வேண்டியிருந்துச்சு. மத்தியானம் அண்ணன அப்பா பக்கத்துல விட்டுட்டு நான் சிவகங்கைப் பூங்கா பக்கம் நடந்தேன், எங்கயாவது ஆளில்லாத எடத்துல உக்காந்து அழணும் போல இருந்துச்சு. அங்க ஸ்வார்ட்ஸ் ஐயர்ங்கற ஜெர்மன் மிஷனரி பேருல ஒரு கோயில் இருக்கு. சின்ன வயசுல சண்டே ஸ்கூல்ல கூட்டிட்டு போயிருக்காங்க, அப்ப ஒண்ணும் மனசுல நிக்கல. 1779ல கட்டின கோயில். உள்ள வெள்ளைப் பளிங்குல ஒரு சிற்பம் இருக்கு, சரபோஜி மன்னர் லண்டன்லேர்ந்து ஃப்ளாக்ஸ்மன்னு ஒரு சிற்பிகிட்ட சொல்லி செய்ய வச்சது. 1798 பிப்ரவரியில ஸ்வார்ட்ஸ் ஐயர் சாகக் கெடக்கறாரு, அவர் வளத்த புள்ள மாதிரியான சரபோஜி பக்கத்துல நின்னு கைய புடிச்சிருக்காரு, இன்னொரு பாதிரியார் நிக்கிறாரு, பள்ளிக்கூடத்து பசங்களும் கட்டில் கிட்ட நிக்கிறாங்க. நான் அத பாத்துக்கிட்டே ரொம்ப நேரம் நின்னேன். அந்த சிற்பத்துல இருக்கற எல்லாருக்கும் தெரியும் அவரு சாகப் போறாருன்னு. படுத்திருக்கறவருக்கும் தெரியும். சின்னப் பசங்களக்கூட யாரும் வெளிய அனுப்பல. எங்க வீட்டுல அப்பா கட்டில சுத்தி இதே மாதிரிதான் நாங்களும் நிக்கிறோம், ஆனா ஒருத்தர் கையும் அவரு கையில இல்லன்னு தோணிச்சு. கைய புடிச்சா அழுதுடுவோமோன்னு பயந்து நாங்க யாருமே அப்பாவ தொடறத விட்டிருந்தோம், அது எனக்கு அங்க நிக்கிறப்பதான் ஒறைச்சுது.

ஊருக்கு வந்த மறுநாள் காலையில அப்பா திண்ணையில உக்காந்திருந்தாரு. நான் பக்கத்துல போயி உக்காந்து கைய புடிச்சேன். எப்படி ஆரம்பிக்கணும்னு ராத்திரி பூரா யோசிச்சு வச்சிருந்தது எல்லாம் மறந்து போச்சு. "அப்பா, அது அல்சர் இல்லப்பா"ன்னு மட்டுந்தான் வந்துச்சு.

"தெரியும் பாப்பா"ன்னாரு.

எப்பலேர்ந்துன்னு கேட்டேன். "நாப்பது வருஷம் தண்ணிய பாத்தவன் நான். ஆத்துல தண்ணி கொறையறத கேஜ பாத்துதான் தெரிஞ்சிக்கணுமா என்ன? நீ ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளிய வந்தப்ப என் மூஞ்சிய பாக்காம செருப்ப பாத்து பேசின, அன்னைக்கே தெரியும்"னாரு.

அப்புறம் ஏம்ப்பா கேக்கலன்னதுக்கு, "நீங்க எல்லாம் இவ்வளவு கஷ்டப்பட்டு மறைக்கிறீங்க, அத நான் ஒடைக்கணுமா?"ன்னாரு. நாங்க அவருக்காக மறைச்சோம், அவரு எங்களுக்காக தெரியாத மாதிரி இருந்தாரு. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஆளுக்கு ஒரு மூலையில தனித்தனியா அழுதிருக்கோம்.

அன்னைக்கு அவர் சொன்ன ஒண்ணு எனக்கு சாகற வரைக்கும் மறக்காது. "அந்த ஊழியக்காரர் எசேக்கியா கதைய பாதியிலேர்ந்து வாசிச்சாரு பாப்பா. மொத வசனத்த விட்டுட்டாரு. மொதல்ல ஆண்டவரு ஏசாயா தீர்க்கதரிசிய அனுப்பி, நீர் உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குப்படுத்தும், பிழைக்கமாட்டீர்னு சொல்ல வச்சாரு. அதுக்கப்புறந்தான் ராஜா சுவத்து பக்கம் திரும்பி அழுதான். அழுததுக்கு அப்புறந்தான் பதினஞ்சு வருஷம். எனக்கு நீங்க அழவே வழி விடலையே"ன்னாரு. சொல்லிட்டு அழுதாரு. நானும் அழுதேன். அம்மா உள்ளேர்ந்து ஓடி வந்து என்ன ஏதுன்னு கேக்கல, நேரா வந்து அப்பா காலடியில உக்காந்துட்டாங்க.

அன்னைக்கு ராத்திரிதான் எங்க குடும்ப ஜெபம் ஜெபமா இருந்துச்சு. சுகம் கேக்கறத நாங்க நிறுத்தல, அத நல்லா சொல்லிடறேன், கடைசி வரைக்கும் கேட்டோம். ஆனா அதுக்குப் பக்கத்துலயே "ஆகிலும் உம்முடைய சித்தத்தின்படியே"ன்னு சொல்ல முடிஞ்சுது. முன்னாடி அத சொன்னா அப்பாவுக்கு தெரிஞ்சிடுமேன்னு பயந்து அந்த வார்த்தையவே முழுங்கிட்டு இருந்தோம்.

அதுக்கப்புறம் வலிக்கு முறையான வைத்தியம் ஆரம்பிச்சோம். மக்களைத் தேடி மருத்துவம்னு 2021லேர்ந்து அரசாங்கம் நடத்துதே, அதுல பேலியேட்டிவ் கேர், அதாவது குணமாகாத நோயில வலிய கொறைச்சு பாத்துக்கற நர்ஸ் சிஸ்டர் வீட்டுக்கே வந்தாங்க. பெரிய ஆஸ்பத்திரியில மார்பின் மாத்திர எழுதிக் குடுத்தாங்க, நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. அண்ணன் அடிமையாயிடுவாரோன்னு பயந்தான். வலிக்கு அளவா குடுக்கற மருந்துல அந்தப் பயம் தேவையில்லன்னு சிஸ்டர் பொறுமையா சொன்னாங்க, மலச்சிக்கல் வரும், அதுக்கு சேத்து ஒரு மருந்து குடுக்கணும், வலி வர்ற வரைக்கும் காத்திருக்காம மணி பாத்து குடுக்கணும், இதான் முக்கியம்னாங்க. ரெண்டே நாள்ல அப்பா காலை நீட்டி மல்லாக்க படுத்து தூங்கினாரு. அம்மா என்ன எழுப்பி கூட்டிட்டு போயி காட்டினாங்க, "பாரு, காலை நீட்டியிருக்காரு"ன்னு. அந்த மாத்திரைக்காக ஆண்டவருக்கு முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன், அதுவும் அவர் குடுத்த சுகந்தான்.

வலி கொறைஞ்சதும் அப்பா ஒரு பழைய நாப்பது பக்க நோட்ட எடுத்தாரு. மேல "வீட்டுக்காரியம்"னு எழுதினாரு. பென்ஷன் புக்கு எங்க இருக்கு, அம்மாவுக்கு குடும்ப பென்ஷனுக்கு யார பாக்கணும், சைக்கிள் கடைக்கு 140 ரூபா பாக்கி, அடக்கத்துக்கு எந்த ஞானப்பாட்டு பாடணும், பெட்டி சாதா பெட்டி போதும், பந்தலுக்கு கடன் வாங்காதீங்க, இப்படி வரிசையா. லஸ்கர் கையெழுத்து, கேஜ் ரெஜிஸ்டர்ல அளவு எழுதற மாதிரி சின்னச் சின்னதா நேரா இருக்கும். ஏழாவது வரியில ஒரு ஆளு பேரும் 2012ன்னும் மட்டும் எழுதியிருந்துச்சு. என்னன்னு கேட்டப்ப ரெண்டு நாள் சொல்லல.

அப்புறம் சொன்னாரு. 2012ல மேட்டூர் செப்டம்பர்லதான் தொறந்தாங்க, குறுவையே இல்ல, சம்பாவுக்கும் மொற வச்சுதான் தண்ணி. வசதியான ஒருத்தர் கேட்டுக்கிட்டாருன்னு ஒரு ராத்திரி மொற மாத்தி அவரு பக்கத்து ஷட்டர தூக்கி விட்டிருக்காரு அப்பா. காசு வாங்கல, ஆனா பயந்து செஞ்சிருக்காரு. அந்த மொறைக்கு காத்திருந்த கடைசி வாய்க்கால்காரருக்கு ரெண்டு ஏக்கர் கதிர் வர்ற நேரத்துல காஞ்சு போச்சு. "ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பாவ அறிக்கை சொல்றப்ப எல்லாம் அந்த வயல்தான் கண்ணுக்கு முன்னாடி வரும் பாப்பா. ஆண்டவருகிட்ட சொல்லிட்டேன், அந்த ஆளுகிட்ட சொல்லல"ன்னாரு.

ஆட்டோ வச்சு கூட்டிட்டு போனேன். அந்தப் பெரியவரு வாசல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தாரு. அப்பா நிக்க முடியாம என் தோள புடிச்சிக்கிட்டே எல்லாத்தையும் சொல்லி கையெடுத்து கும்பிட்டாரு. அவரு உடனே ஒண்ணும் சொல்லல. தோள்ல கெடந்த துண்ட எடுத்து ஒதறி மறுபடி போட்டுக்கிட்டாரு. அப்புறம் "தெரியும் லஸ்கரே, அன்னைக்கே தெரியும்"னாரு. மன்னிச்சேன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. செத்த நேரம் கழிச்சு கட்டில்ல தள்ளி உக்காந்து "நிக்காதீங்க, உக்காருங்க"ன்னு எடம் விட்டாரு. ரெண்டு பேரும் பேசாம வயல பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. வீட்டுக்கு வந்து அப்பா ஏழாவது வரிய அடிக்கல, பக்கத்துல ஒரு புள்ளி மட்டும் வச்சாரு.

நாங்க மறைச்சுக்கிட்டே இருந்திருந்தா அந்த ஏழாவது வரி அவரோட குழிக்குள்ள போயிருக்கும். அந்தப் பொண்ணுக்கு நான் சொல்ல வேண்டியது இதான். எதுத்தாப்புல உக்காந்து எல்லாத்தையும் கொட்டிடுன்னு சொல்லல. அம்மாவுக்கு என்ன தெரியுதுன்னு மொதல்ல கேளு, எவ்வளவு தெரிஞ்சிக்க விரும்பறாங்கன்னு கேளு, கைய புடிச்சிக்கிட்டு கேளு. ஆனா கதவ வெளியிலேர்ந்து பூட்டாத.

அப்பா தைரியசாலின்னு அடக்கத்துல எல்லாரும் பேசினாங்க. உண்மையச் சொல்றேன், பயமும் இருந்துச்சு. மே மாசம் ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு "பயமா இருக்கு பாப்பா"ன்னாரு. எதுக்குப்பான்னேன். "ஆண்டவருகிட்ட போறதுக்கு பயம் இல்ல, அந்த நடுவுல இருக்கற எடந்தான்"னாரு. எனக்கு சொல்ல ஒண்ணும் தெரியல. இருபத்திமூணாம் சங்கீதம் சொன்னேன். மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்னு வர்றப்ப அப்பா நிறுத்தி, "நடந்தாலும்னுதான் இருக்கு, அங்கயே நின்னுடறதா இல்ல, பாரு"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சுனாமிய பத்தி பேசினாரு. 2004 கிறிஸ்மஸ் மறுநாள், ஞாயித்துக்கிழம காலையில, தரங்கம்பாடியில பொணம் தூக்கினவங்கள்ல அப்பாவும் ஒருத்தரு. "அவங்களுக்கெல்லாம் ஒரு வார்த்த சொல்லிக்க நேரம் இல்ல. தமிழ்ல வேதத்த அச்சடிச்ச சீகன்பால்கு ஐயரு முப்பத்தாறு வயசுல போயிட்டாரு, இந்தா இருக்கற தரங்கம்பாடி கோயில்லதான் படுத்திருக்காரு. எனக்கு அறுபத்தெட்டு வருஷமும் குடுத்து, நோட்டு போட்டு எழுத நாளும் குடுத்திருக்காரு"ன்னாரு. விடியற வரைக்கும் கைய விடல நான்.

அம்மாவுக்கு வேற மாதிரி. அம்மா ஆண்டவரு மேல கோவமா இருந்தாங்க, ரெண்டு மாசம் கோயிலுக்கு வரல. பாஸ்டர் ஐயா வந்து அத பத்தி ஒரு வார்த்த கேக்கல, டீ குடிச்சிட்டு அப்பாவுக்கு ஷேவ் பண்ணி விட்டுட்டு போனாரு. அது எத்தன பிரசங்கத்துக்கு சமம்னு எனக்குத்தான் தெரியும்.

ஜூன் 12 மேட்டூர் தொறந்தாங்கன்னு செய்தியில கேட்டதுலேர்ந்து அப்பா தெனமும் கேப்பாரு, கல்லணைக்கு வந்துட்டா, குத்தாலம் தாண்டிட்டா. அப்ப சாப்பாடே எறங்கல. அம்மா ஒரு கரண்டி கஞ்சியாவது குடுக்கணும்னு போராடுவாங்க. ஒடம்பு மூடிக்கிட்டு வர்றப்ப பசி இருக்காது, வம்பா குடுத்தா பொறையேறி நெஞ்சுக்குள்ள போயிடும், பஞ்ச நனைச்சு ஒதட்ட தொடச்சு விடுங்க போதும்னாங்க சிஸ்டர். அதுக்கப்புறம் அம்மாவுக்கு அதான் வேல, சின்ன டம்ளர்ல தண்ணி, பஞ்சு, ஒதடு. பாஸ்டர் ஐயா வந்து திருவிருந்து குடுத்தப்பவும் அப்பத்துல ஒரு துணுக்க கிள்ளி ரசத்துல தோய்ச்சு நாக்குல வச்சாரு. அப்பா முழுங்க ரொம்ப நேரம் ஆச்சு. நாங்க எல்லாம் அந்தத் தொண்டையவே பாத்துக்கிட்டு இருந்தோம். எறங்கினதும் ஆமென்னு ஒதடு அசைஞ்சுது.

பேச்சு நின்னு ரெண்டாவது நாள் விடியக்காலம் எனக்கு போன் வந்துச்சு. அந்தக் கடைசி வாய்க்கால் பெரியவரு. "லஸ்கருகிட்ட சொல்லும்மா, நம்ம வாய்க்காலுக்கு தண்ணி வந்துட்டு"ன்னாரு. அப்பா காதுகிட்ட போயி சொன்னேன். கண்ணு தொறக்கல. கேட்டுச்சான்னு தெரியாது, ஆனா என் கைக்குள்ள இருந்த விரல் ஒரு தடவ இறுகிச்சு.

அன்னைக்கு சாயங்காலம் மூச்சு விட்டு விட்டு வந்துச்சு. நடுவுல இடைவெளி நீண்டுக்கிட்டே போச்சு. அண்ணன் சத்தமா ஜெபம் பண்ணினான், சுகம் குடுங்கன்னு இல்ல, "எங்கப்பாவ பத்திரமா கூட்டிட்டு போங்க"ன்னு. அம்மா நனைச்ச பஞ்ச கையில வச்சிக்கிட்டே, "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்"னு சொன்னாங்க. அடுத்த மூச்சு வரல.

சாதா பெட்டிதான். அவர் எழுதி வச்ச பாட்டுதான். கல்லறைத் தோட்டத்துக்கு அந்தப் பெரியவரும் வந்திருந்தாரு, கேட்டுக்கு வெளியவே நின்னவர நான் போயி உள்ள கூப்புட்டேன். செருப்ப கழட்டி வச்சிட்டு வந்து ஒரு பிடி மண்ணு அள்ளிப் போட்டாரு.

சைக்கிள் கடைக்கு 140 ரூபா குடுத்துட்டேன். அப்பாவோட நோட்டு இப்ப அம்மா வேதப்புத்தகத்துக்குள்ள இருக்கு. இந்த வருஷம் எங்க பக்கம் தண்ணி வந்தப்பவும் அந்தப் பெரியவரு போன் பண்ணினாரு, "வந்துட்டும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு வச்சிட்டாரு. அம்மாகிட்ட சொன்னேன். அடுப்ப அணைச்சிட்டு, தலைய முடிஞ்சிக்கிட்டு, பாக்கறதுக்கு மதகு பக்கம் நடந்து போனாங்க.